ஒரு கரண்டி யூரியா

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அப்பா இ.பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து அதில் சிப்பிக் காளான் போட ஆரம்பித்தார். செய்முறை இங்கே காளான் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் மனப்பாடம்: ரப்பர் மரத்தூள் நூறு பங்கு, தவிடு பத்து, சுண்ணாம்பு ஒன்று. ஈரமாக்கிப் பையில் அடைத்து, எண்ணெய் டிரம்மில் மணிக்கணக்காக ஆவியில் அவித்து, ஆறியதும் விதை போட வேண்டும்.

நான் அப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கடைசி வருஷம். என் புராஜெக்டும் காளான்தான். அகார் தட்டுகளில் வெவ்வேறு இரசாயனங்களைச் சேர்த்து, பூஞ்சை இழை தினமும் எத்தனை மில்லிமீட்டர் பரவுகிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கும் வேலை. கொஞ்சமாக யூரியா சேர்த்த தட்டுகளில் இழை பஞ்சு மாதிரி அடர்த்தியாக வந்தது. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

இது பழைய தேடல். 1869-இல் பாஸ்டரின் மாணவர் ஜூல் ரோலாங், அஸ்பெர்ஜில்லஸ் என்ற கரும்பூஞ்சைக்குத் துளியளவு துத்தநாகம் இல்லாவிட்டால் வளர்ச்சி சரிந்துபோகிறது என்று காட்டினார். 1941-இல் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில், சோளம் ஊறவைத்த கழிவுநீரைச் சேர்த்ததும் பெனிசிலின் பல மடங்கு கூடியது. 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவனின் குழு பருத்தி வாடல் நோய்ப் பூஞ்சையை ஆராய்ந்தது. அது ஃபியூசாரிக் அமிலம் என்ற நச்சை உண்டாக்குவதற்கும் துத்தநாகத்துக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

இதையெல்லாம் நான் ‘சேர்த்தால் கூடும்’ என்ற ஒரே வரியாகத்தான் படித்து வைத்திருந்தேன். சென்னைக்காரர்கள் கண்டது அந்த வரிக்குள் அடங்காது. நாம் சேர்க்கும் பொருள் பூஞ்சை எவ்வளவு வளரும் என்பதோடு, வளர்ந்து என்ன செய்யும் என்பதையும் மாற்றிவிடும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“அப்பா, ஒரு பைக்கு ஒரு கரண்டி யூரியா போட்டுப் பாருங்க.”

“நூறு, பத்து, ஒன்னு. அது போதாதாம்மா?”

“லேப்ல பார்த்துட்டேன்பா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இருநூறு பைகள். அவித்து ஆறவைத்து முதல் பையைத் திறந்தபோது மூக்கைக் குத்துகிற வாடை. கழுவாத கழிவறை மாதிரி. அப்பா என்னைப் பார்த்தார். “போயிடும்பா” என்றேன். இரண்டு வாரத்தில் முக்கால்வாசிப் பைகளில் வெள்ளைக்குப் பதிலாகப் பச்சை. டிரைக்கோடெர்மா, காளான் போடுகிறவர்கள் பயப்படுகிற பச்சைப் பூஞ்சை. மீதி பைகளில் இழை பாதியிலேயே நின்றுவிட்டது.

“என்னம்மா ஆச்சு?”

“டிரம்முல சூடு பத்தலைப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம் அவிச்சிருக்கணும்.”

அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். லேப் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது: யூரியாவை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, வடிகட்டிக் கிருமி நீக்கி, கடைசியில் சேர்க்க வேண்டும். சூட்டில் யூரியா உடைந்து அமோனியா ஆகிவிடும். அந்த வாடை அதுதான். இன்னொன்றும் இருந்தது. என் தட்டுகள் 121 டிகிரியில் வெந்தவை. அதற்குள் என் பூஞ்சை மட்டும்தான். போட்டிக்கு ஆள் இல்லை. டிரம் 100 டிகிரியைத் தாண்டாது, அதில் பிழைத்துக்கொள்கிற வித்துகள் உண்டு. பை கட்டும் இடத்துக் காற்றிலும் உண்டு. நான் போட்ட நைட்ரஜன் அவற்றுக்கும் சாப்பாடு. தட்டில் நான் அளந்தது, தனியாக விடப்பட்ட பூஞ்சை எப்படி வளரும் என்பதைத்தான். அதுவும் இழையை. காளானை நான் ஒரு நாளும் எடை போட்டதில்லை.

புராஜெக்டுக்கு ‘ஏ’ கிடைத்தது. கிராஃப் அழகாக இருந்தது.

அப்பா பழைய கலவைக்கே திரும்பினார். பைகள் நன்றாக வந்தன. ஆனால் என் பேச்சைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் கூடுதலாக அவித்தார். நாலு வருஷம். கேஸ் தோம்பு சீக்கிரம் தீர்கிறது என்று அம்மா முணுமுணுப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவேன்.

இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். போன வருஷம் ஒரு லைனில் பழுது வந்தது. புதிதாகச் சேர்ந்த டெக்னீசியன் பையனிடம் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டேன்: “கடைசியா என்ன மாத்தின?” அவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அன்றைக்கு ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வே நெரிசலில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அப்பா டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, அன்னைக்கு சூடு பத்தாம கெடல. யூரியாவாலதான். எனக்கு அப்பவே தெரியும்.”

கொஞ்ச நேரம் ஆவி கிளம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இந்த ரெண்டு மணி நேரம்?”

“தேவையில்லப்பா.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய கணக்கு நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தது. குனிந்து கேஸை அணைத்தார்.

“அடுத்த தடவை ஏதாச்சும் புதுசா போடணும்னா, பத்து பையில போடு” என்றார். “பத்து பைய சும்மா விடு. ரெண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.”

கன்ட்ரோல் இல்லாமல் சோதனை இல்லை என்று எனக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.