ஒதுங்கி நின்ற பாதை

அறுபதுகளில், ஹந்தானை மலைப் பாதையில் துரையின் பீ.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டதும், தேயிலைத் தோட்டத் தொழிலாளியான என் தந்தை தலைத்துண்டைக் கையிலெடுத்து ஓரமாக ஒதுங்குவார். வண்டியின் அகன்ற ஹாண்டிலுக்கே முழுப் பாதையும் உரியது போலத் தோன்றும்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமாரின் காலம் முடிந்தது. அண்மையில் அத்தகைய பழைய எம் 20 ஒன்றை வாங்கினேன். யாரோ அதற்குப் பந்தய வண்டியின் தாழ்ந்த ஹாண்டிலைப் பூட்டியிருந்தனர். வளைவு இறக்கங்களில் உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டுகளில் விழுந்தது.

கட்டுகஸ்தோட்டையில் முதிய மெக்கானிக் ஒருவர் முதலில் கம்பியின் விட்டத்தை அளந்தார். "பிரித்தானிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 7/8 அங்குலம், அமெரிக்க ஹார்லிக்கு 1 அங்குலம். மாற்றிப் போட்டால் பிடி இறுகாது, ஐயா. தாழ்ந்தது வேகத்துக்கு. மலைக்கு அகலமானதே வேண்டும், திருப்ப வலுக் குறைவாகப் போதும், முதுகும் நிமிரும்" என்றார். சற்றே பின்வளைந்த அகன்ற ஹாண்டிலைப் பூட்டினார்.

மறுநாள் ஹந்தானைக்கு ஏறினேன். முதுகு நிமிர்ந்திருந்தது, மனம் மகிழ்ந்தது. ஒரு வளைவில் கொழுந்துச் சாக்கு சுமந்த மூதாட்டி ஒருத்தி ஒலி கேட்டு, வடிகானோரம் ஒதுங்கித் தலைகுனிந்து நின்றாள்.

எஞ்சினை நிறுத்தினேன். "நீங்க முன்னால போங்க அம்மா" என்றேன். நம்பாமல் நின்றாள். என் ஹாண்டில் மாறிவிட்டது. அந்தப் பாதை இன்னும் மாறவில்லை.