இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பயணம்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை செல்லும் நெடுஞ்சாலை புதியதன்று. பொங்கலுக்கும் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் நம்மை ஊர் கொண்டு சேர்ப்பது இச்சாலையே. ஆயினும் திருப்பெரும்புதூரைத் தாண்டியதும் வரும் ஓரிடத்தை நம்மில் பலர் அறியாமலே கடந்து விடுகிறோம். அதுவே இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தடம். நம் பிள்ளைகள் சிலர் அதனைக் காண விரும்பினர். காண்பதோடு அமையாமல், வீட்டுக் காரையே அங்கு ஓட்டிப் பார்க்கவும் விரும்பினர். மூன்று குடும்பத்தார் கூடிப் பேசி, அவர்களோடு நாங்களும் சென்று வந்தோம்.

தொடக்கத்தில் பெற்றோர் தயங்கினர். "சாலையில் ஓட்டும் வேகம் போதாதா? இதற்கென்று தனி இடமும் வேண்டுமா?" என்று ஓர் அம்மையார் வினவினார். கேள்வி நியாயமானதே. ஆனால் வேகத்தில் ஆசை கொண்ட இளைஞன் அதனை எங்கேனும் தீர்த்துக்கொள்ளவே முயல்வான். நள்ளிரவில் தேவனஹள்ளி விமான நிலையச் சாலையில் தீர்த்துக்கொள்ளப் புகுந்தால், தன் உயிரோடு வழிப்போக்கர் உயிரையும் பணயம் வைப்பான். பந்தயத் தடத்திலோ எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்லும். எதிரே லாரி வாராது. குறுக்கே மாடு வாராது. கொடியசைத்து எச்சரிப்போர் நிற்பர். ஆம்புலன்சு ஆயத்தமாக இருக்கும். பந்தயம் நடவாத நாள்கள் சிலவற்றில், கட்டணம் செலுத்தியோர் தத்தம் காரை முறைவைத்து ஓட்டிப் பழகலாம். இதனை 'டிராக் டே' என்பர். இதில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை.

இத்தடத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1953-இல் தொடங்கப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்திலேயே பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தி வந்தனர். பின்னர் அவர்கள் முயற்சியால் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்து, 1990-இல் திறக்கப்பெற்றது. நீளம் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வளைவுகள் 12. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்ற கோவை நரேன் கார்த்திகேயன் தம் முதற் பந்தயத்தை ஓட்டியதும் இவ்விடத்திலேதான்.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே ஆயத்தங்கள் தொடங்கின. முதலில் எழுந்தது டயர் வழக்கு. காரின் சுமை முழுவதையும் தாங்கித் தரையோடு இணைப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்போ ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். எஞ்சின் எவ்வளவு வலிமை தந்தாலும், பிரேக்கு எவ்வளவு இறுகப் பிடித்தாலும், அவ்வளவும் இந்நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே தரையைச் சேர வேண்டும்.

பந்தயத்திற்கென்றே அமைந்த மென்ரப்பர் டயர்களை வாங்க வேண்டும் என்றனர் பிள்ளைகள். அவ்வகை டயர் சூடேறியபின் உலர்ந்த தடத்தை உடும்புபோல் பற்றும் என்பது உண்மையே. ஆனால் அதில் பள்ளங்கள் குறைவு. மழைநீரை வெளியேற்றப் பள்ளம் இல்லையேல் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்பொழுது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. பெங்களூரிலிருந்து தடத்திற்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். திரும்பி வரவும் அவ்வளவே. வாணியம்பாடிக்கருகே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் என் செய்வது? "தடத்தில் ஓடுவது ஒரு நாள், பள்ளிக்கும் கடைக்கும் ஊருக்கும் ஓடுவது மற்றை நாள் எல்லாம்" என்றார் எங்களுள் மூத்தவர். அவர் சொல்லே வென்றது. காரைச் செய்தவர் குறித்த அளவிலேயே, ஈரச் சாலையிலும் நன்கு பிடிக்கும் தரமான சாலை டயர்களை வாங்கினோம்.

டயரின் பக்கச் சுவரைப் படிக்கவும் கற்றுக்கொண்டோம். 195/55 R16 என்றிருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. சக்கரத்தின் விட்டம் 16 அங்குலம். அதனை அடுத்து வரும் எழுத்து வேக வரம்பு: H எனில் மணிக்கு 210 கிலோமீட்டர், V எனில் 240. நீள்வட்டத்துள் காணும் நான்கு இலக்கம் பிறந்த நாள்: 2324 எனில் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். கடைக்காரர் 'புதியது' என்று தருவது பல்லாண்டு கிடங்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். ஆதலின் இவ்விலக்கத்தைப் பார்த்தே பணம் கொடுத்தல் நலம்.

அடுத்தது பிரேக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. DOT 4 என்னும் வகை, புதிதாயின் 230 டிகிரி செல்சியசு வரை கொதியாது என்பது தர வரம்பு. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 டிகிரியாகக் குறைந்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். மிதிக்கும் கட்டை தரையைத் தொட்டாலும் வண்டி நில்லாது. எனவே ஆயிலை மாற்றினோம். தேய்ந்த பேடுகளையும் மாற்றினோம். இன்னொன்றும் அறிந்தோம். சாதாரண மோட்டார் இன்சூரன்சு, பந்தயத்தாலும் வேகச் சோதனையாலும் நேரும் சேதத்திற்கு ஈடு தருவதில்லை. வீட்டுக்கு இருப்பது ஒரே கார் எனில், இதனைத் தந்தையும் மகனும் முன்னரே பேசிக்கொள்ளுதல் வேண்டும்.

விடியுமுன் புறப்பட்டோம். அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூரில் நுழைந்ததும் கடைப் பலகைகளில் தமிழ் முகங்காட்டியது. கிருஷ்ணகிரி மலைகள் வெளுத்தன, ஆம்பூர் கடந்தது, வேலூரில் சிற்றுண்டி முடிந்தது. பெங்களூரின் குளிர்ச்சி எங்கோ பின்தங்க, தடத்தை அடைந்தபோது வெயில் சுட்டது.

அங்கு முதல் வேலை காரைக் காலி செய்வது. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர்ப் புட்டிகள், குடைகள், முன்பலகைப் பிள்ளையார் எல்லாம் இறங்கின. வளைவில் உருளும் ஒரு புட்டி பிரேக் கட்டைக்கு அடியில் புகுந்தால் போதும், பெருந்தீங்கு விளையும். சக்கர நட்டுகளைச் சரிபார்த்தனர். ஹெல்மெட்டும் இருக்கை வாரும் அணிந்த பின்னரே உள்ளே விடுத்தனர். மஞ்சட்கொடி கண்டால் முந்தலாகாது; செங்கொடி கண்டால் வேகம் தணித்துத் திரும்ப வேண்டும் என்று விளக்கினர்.

குளிர்ந்த நிலையில் 32 பவுண்டு காற்று வைத்த டயர்கள், ஐந்தாறு சுற்றுக்குப்பின் 38-ஐத் தொட்டன. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி கூடும்தோறும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பவுண்டு ஏறும். அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதியே தரையைப் பற்றும். ஆதலின் சிறிது காற்றை இறக்கினர். கடைசிச் சுற்றைப் பிரேக்குத் தொடாமல் மெல்ல ஓட்டி வந்தனர். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்கவில்லை. கொதிக்கும் தட்டில் பேடு ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம்.

பிள்ளைகள் முகத்தில் மகிழ்ச்சியோடு ஒரு வியப்பும் கண்டோம். "வேகமாகப் போவது எளிது, அப்பா; சரியான இடத்தில் நிறுத்துவதுதான் கடினம்" என்றான் ஒருவன். வினவிய அம்மையார் அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்ப் புட்டியை அவரே எடுத்து நீட்டினார்.

மாலையில் செய்த வேலையே எல்லாவற்றினும் முதன்மையானது. டயர்கள் ஆறியதும் பார்த்தால் காற்று 28 பவுண்டுதான் இருந்தது! சூட்டில் இறக்கிய காற்று, ஆறியபின் குறையாகத் தெரிகிறது. அப்படியே முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைந்தால், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். மீண்டும் காற்றடைத்து, டயர்களின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பார்த்து, நட்டுகளை இறுக்கி, ஸ்டெப்னியையும் பிள்ளையாரையும் அவரவர் இடத்தில் வைத்த பின்னரே புறப்பட்டோம்.

தடத்திற்குப் போகாத குடும்பங்களுக்கும் இச்செய்தி பொருந்தும். ஆண்டுக்கு இருமுறையேனும் இதே சாலையில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஊர் செல்கிறோம். புறப்படுமுன் பலகாரப் பெட்டியை மும்முறை எண்ணுகிற நாம், டயரை ஒருமுறை குனிந்து பார்ப்பதில்லை. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுக. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றடைக்க. ஸ்டெப்னிக்கும் அவ்வாறே செய்க. வேகத்தை விரும்பும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவனை அதட்டி அடக்குவதினும், டயரைப் படிக்கச் சொல்லி, ஒருநாள் அவனோடு இருங்காட்டுக்கோட்டை சென்று வருவது பயன் தரும் என்பது எங்கள் கருத்து.