சில நாள் ஓடிய வண்டி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கரமனையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இயந்திரப் பொறியியல் படித்து முடிக்கும் தறுவாயில் இருக்கும் என் பேத்தி, பழைய மோட்டார் கார்களின் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்துடன் அருகில் வந்து அமர்ந்தாள்.

"தாத்தா, நீங்கள் நாற்பது ஆண்டு கணக்கு எழுதியவர். இதற்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். பெரியவர் இருவர்தாம் இதில் வசதியாக உட்காரலாம். குடும்பத்துக்கு உதவாது. ஐந்தே ஆண்டில் செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒரு வண்டியை ஒரு கம்பெனி எதற்காகச் செய்ய வேண்டும்?"

அவள் விரல் வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. அது 'டிரயம்ப் ஹெரால்டு கூபே'. பத்து வயதுப் பையனாக இருந்தபோது அதே வண்டியின் படத்தை என் தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருந்தவன் நான்.

அக்கதையைச் சிறிது சொல்ல வேண்டும். என் தகப்பனார் தென்காசிப் பக்கத்திலிருந்து 1949ஆம் ஆண்டில் இத்திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவுக்கு அருகில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் ஹெரால்டு கார்களைச் செய்து விற்கலாயினர். இங்கும் வக்கீல்கள், டாக்டர்கள் வீடுகளில் அவை வந்து நின்றன. அவ்வண்டியின் பானட்டும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்புறம் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுதும் வெளியே தெரியும். அப்பா முன் டயரின் மீதே ஏறி உட்கார்ந்துகொண்டு வேலை செய்வார். பட்டறைக்கு எப்படியோ வந்துசேர்ந்த ஒரு சீமைப் பத்திரிகையில்தான் ஹெரால்டின் தம்பியாகிய கூபேயின் படம் இருந்தது. இரண்டே கதவுகள், தாழ்ந்து பின்னோக்கிச் சரியும் கூரை. சென்னையில் அது விற்பனைக்கு வரவேயில்லை. அப்பா அப்படத்தை வெட்டி எனக்குக் கொடுத்து, "அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவையும் உங்கள் நால்வரையும் எங்கே உட்கார வைப்பது?" என்று சிரித்தார்.

பேத்தியின் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு வாரம் படித்தேன், யோசித்தேன். அதன் பயனை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூபேயின் பிறப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனத்துக்குக் கார்க் கூடுகளைச் செய்து கொடுத்துவந்த ஆலையை, 1953இல் போட்டி நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே, கூடும் அடித்தளமும் ஒன்றாய் இணைந்த புதுமுறைக் கார் செய்ய அவர்களுக்கு வழியில்லாது போயிற்று. பழைய முறைப்படி தனியே ஓர் இரும்புச் சட்டம் செய்து, பல சிறு ஆலைகளில் செய்த கூட்டின் பகுதிகளை அதன்மேல் போல்ட்டு போட்டுப் பூட்டினார்கள். வடிவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி.

வேறு வழியின்றி மேற்கொண்ட இம்முறையில் ஓர் ஆதாயம் ஒளிந்திருந்தது. கூரை தனியே பூட்டப்படுவதால், கீழ்ப்பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றினால் வேறொரு வண்டியாகிவிடும்! 1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளிவந்தபோது குடும்பக் காரும் கூபேயும் உடன்பிறந்தவையாக ஒன்றாகவே வெளிவந்தன. கூபேயின் எஞ்சினுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கார்புரேட்டர்கள் வைத்துச் சற்று வேகமும் கூட்டினார்கள். ஒரே மாவில் தோசையும் ஊற்றிச் சிறிது பணியாரமும் சுடுவது போன்ற செயல் அது.

இங்கேதான் கணக்கன் ஏமாறுகிறான். கூபேக்கு மட்டும் தனிப்பேரேடு ஒன்று திறந்தால் அதில் பெருமையாகச் சொல்ல ஏதுமில்லை. விற்றவை ஏறத்தாழ 20,000. ஹெரால்டு வகை முழுவதுமோ 5 லட்சத்துக்கும் மேல். ஆனால் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கூபே, தெருவில் போகிற இளைஞனை உள்ளே அழைத்து வந்தது. உள்ளே வந்தவன் மனைவி மக்களை நினைத்துப் பக்கத்தில் நின்ற குடும்பக் காரை வாங்கிப் போனால், அந்த வரவு குடும்பக் காரின் பேரேட்டில்தானே ஏறும்? அழைத்து வந்தவனுக்கு அதில் பற்று ஏது?

இரண்டாவது ஆதாயம் இன்னும் பெரியது. தனிச் சட்டத்தின்மேல் எந்தக் கூட்டையும் பூட்டலாம் என்று கைகண்டுகொண்டவர்கள், அதே சட்டத்தைச் சுருக்கி, கூரை திறந்த இருவர் வண்டி ஒன்றுக்கு மாதிரி செய்தார்கள். பணமுடையால் அம்மாதிரி ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்டு நிறுவனத்தார் ஆலையை வாங்கியபின், அவர்களுடைய அதிகாரி ஒருவர் அத்துணியை விலக்கிப் பார்த்தார் என்பது மோட்டார் உலகில் பலகாலமாகச் சொல்லப்படும் செய்தி. அந்த வண்டிதான் 1962இல் வெளிவந்த 'ஸ்பிட்ஃபயர்'. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. அது வந்தபின் வேகம் விரும்பியவர்கள் அதையே நாடினார்கள். கூபேக்கு வாங்குவோர் குறைந்தனர். 1964இல் அதை நிறுத்திவிட்டார்கள். மூத்தவன் விலகி இளையவனுக்கு இடம்விட்டான் என்றே அதனைக் கொள்ளலாம்.

அப்படியாயின் நம் நாட்டில் அத்தகைய வண்டிகள் அந்நாளில் ஏன் தோன்றவில்லை? நம்மவர்க்கு அழகுணர்ச்சி இல்லாமையால் அன்று. கார் வேண்டுவோர் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் சர்க்கார் லைசென்சு நிர்ணயித்தது. வரிசையில் நிற்பவனை மயக்கி அழைக்க வேண்டிய அவசியம் எந்த வியாபாரிக்கு உண்டு? இந்நகரத்திலேயே 1966 வாக்கில் கே. ஏ. பாலகிருஷ்ண மேனன் என்பார் 'அரவிந்த்' என்ற பெயரில் சொந்தமாக ஒரு கார் உருவாக்கினார். அப்பா அதைப் பற்றி வியந்து பேசுவார். ஆனால் பலவாகச் செய்து விற்க அனுமதி கிட்டாமையால் அது மாதிரியோடு நின்றுபோயிற்று.

1990களில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 1998இல் பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனத்தின் 'ஸ்டார்ம்' வந்தது. கோவாவில் செய்யப்பட்டது. இருவர் அமரும் சிறு வண்டி; நார் கலந்த பிளாஸ்டிக் கூடு; பிரான்சின் ரெனோ கம்பெனியாரின் 1,149 சி.சி. எஞ்சின். துணிவான முயற்சிதான்; ஆயினும் பெருகவில்லை. டிரயம்பின் கூபேக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது. கூபேக்குப் பின்னால் ஒரு குடும்பக் கார் நின்றது. அச்சும் ஆளும் எஞ்சினும் அதனுடையவை. கூபே விற்காவிட்டாலும் ஆலை பட்டினி கிடக்காது. ஸ்டார்முக்குப் பின்னால் அப்படிப்பட்ட அண்ணன் எவரும் இல்லை.

இதற்கு ஜப்பானிலும் ஓர் உதாரணம் உண்டு. 1992இல் மாஸ்டா நிறுவனத்தார் 'ஆட்டோஸாம் ஏ.இசட்-1' என்றொரு குட்டி வண்டியை வெளியிட்டார்கள். கதவுகள் பறவையின் சிறகுகளைப் போல் மேல்நோக்கி விரியும். எஞ்சினோ, மாருதியின் வழியாக நாம் அறிந்த சுஸுகி கம்பெனியாரின் ஆல்ட்டோ வகைக் காரிலிருந்து வாங்கியது. நாட்டில் பணம் பெருகிக்கிடந்த நாளில் எண்ணியது. அச்செழிப்பு கலைந்தபின் பிறந்தது. ஏறத்தாழ 4,400 வண்டிகளுடன் இரண்டு ஆண்டிற்குள் முடிந்தது. ஒரு காரை எண்ணத் தொடங்குவதற்கும் கடைக்குக் கொணர்வதற்கும் இடையே பல ஆண்டுகள் செல்லும். விளையாட்டு வண்டியோ அன்றைய மனநிலையை நம்பிப் பிறப்பது. நல்ல நாளில் கருக்கொண்டு கெட்ட நாளில் பிறக்கும் குழந்தைக்கு ஆயுள் குறைவுதான். ஆயினும் மாஸ்டாவுக்கு வேறு கார்கள் இருந்தன. ஆகவே இதனை இழக்கத் தாங்கினார்கள்.

இவ்வளவும் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கார்களைப் பற்றிய எண்ணம் என் தகப்பனாரிடம் வந்து நின்றுவிட்டது.

1968இல் அவர் பட்டறை வேலையை விட்டு, கரமனை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, வண்டிகளுக்குக் கூடு கட்டும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். அம்மாவின் வளையல்கள் அதற்கு முதலாயின. இரண்டரை ஆண்டில் கொட்டகை மூடப்பட்டது. வளையல்கள் திரும்பவில்லை. உறவினர் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் 'அந்தக் கொட்டகை' என்று குத்திப் பேசுவார்கள். அப்பா தலை குனிந்திருப்பார். அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த நானும் என் மனக்கணக்கில் அதை நஷ்டம் என்றே எழுதினேன். 1994இல் அவர் மறையும் வரையில் அப்பதிவை நான் திருத்தவேயில்லை.

ஆனால் அந்தக் கொட்டகையில்தான் அவர் தகரம் வளைக்கவும், கியாஸ் வெல்டிங் செய்யவும், மரச்சட்டத்தின்மேல் கூடு பொருத்தவும் கற்றார். அந்தக் கைத்திறனைக் கண்டுதான் பஸ் கூடு கட்டும் ஒரு பட்டறையார் அவரை முன்பைவிட உயர்ந்த கூலிக்கு அழைத்துக்கொண்டார்கள். என் கல்லூரிச் சம்பளமும் என் இரு தங்கைகளின் கல்யாணமும் அந்தக் கூலியில்தான் நடந்தன. வரவை வேறு பேரேட்டில் எழுதிவிட்டு, கொட்டகையின் பேரேட்டில் செலவை மட்டும் வைத்துக்கொண்டிருந்த கணக்கன் நானேதான்! அம்மா பட்ட துன்பத்தையும் மறைக்க மாட்டேன். அப்பாவின் கூபேக்குப் பின்னால் குடும்பக் கார் இல்லை. வளையல்கள் மட்டுமே இருந்தன. தவறு என்று ஒன்று இருந்தால் அது முயற்சியில் இல்லை. பின்னால் தாங்க ஆளில்லாமற் போனதில்தான்.

நம் நகரத்தில் வாழ்பவர்க்கு இதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ? 1963 நவம்பர் 21ஆம் தேதி மாலை, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. வானில் ஆரஞ்சு நிறப் புகை விரிந்ததைப் பத்து வயதில் அப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டு பார்த்தேன். அந்த ராக்கெட் உயிரோடிருந்தது சில நிமிடமே. அது வெகுநாள் ஓடவில்லையே என்று எவரும் குறை கூறியதில்லை.

பேத்தி ஏன் அக்கேள்வியைக் கேட்டாள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் அவளுக்கு நல்ல சம்பளத்தில் வேலை காத்திருக்கிறது. அவளோ, மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டி ஒன்றை உருவாக்கும் நாலைந்து பேர் கொண்ட குழுவில் சேர விரும்புகிறாள். "இரண்டு வருஷத்தில் மூடிவிடுவார்கள்" என்கிறான் என் மகன். அவன் சொல்வது நடக்கவும் கூடும்.

நேற்று இருவரையும் அருகில் அழைத்தேன். "தம்பி, அது மூடப்படும் என்றே வைத்துக்கொள். அங்கே அவள் கற்பதை எந்தப் பேரேட்டில் எழுதுவாய்?" என்று மகனைக் கேட்டேன். பேத்தியிடம், "அம்மா, உனக்கு இரண்டு ஆண்டு. அதற்குள் சோற்றுக்கும் துணிக்கும் என் பென்ஷன் நிற்கும். உன் அம்மாவின் நகையில் மட்டும் கை வைக்கக் கூடாது. நீ கூபேயாய் ஓடு, இந்த வீடு ஹெரால்டாய் நிற்கும்" என்றேன்.

மகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு உள்ளே சென்று, எங்கள் பழைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தான். மூடியின் உட்புறத்தில் அந்தப் படம் வெளுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.