ஒரு சாணுக்கு எத்தனை சிம்பு?

காரைக்கால் பாரதியார் வீதிக்குப் பின்புறம் ஒரு தெருவில் என் நண்பரின் வீடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டுமானம். 1739 முதல் 1954 வரை பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்த ஊர் இது. அந்தக் காலத்து வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. பல பூட்டிக் கிடக்கின்றன. உரிமைக்காரர்கள் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் ஆளுயர மரக்கதவு, அதில் சாய்வாகச் செருகிய பலகைச் சட்டங்கள். காற்று வரும், வெயில் வராது, தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே வராது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, நண்பர் வீட்டு மேற்கு ஜன்னலின் கதவு பிய்ந்துபோனது. அதே மாதிரி செய்துதரத் தச்சர் கிடைக்கவில்லை. கடையில் அலுமினியப் பட்டைத் திரை வாங்கி மாட்டினார். ஆனி, ஆடியில் இந்த ஊரில் வீசும் மேல்காற்று அதை இரண்டு வருஷம் கூட விட்டுவைக்கவில்லை. மடங்கிய அலுமினியப் பட்டை மறுபடி நிமிராது. மிச்சத்தைக் கடல் உப்பு தின்றது. அதன் பிறகு யாரோ சொல்லி ஒரு மூங்கில் திரை வாங்கினார். போன ஆனியில் மாங்கனித் திருவிழா முடிந்த வாரம் எனக்குப் போன் செய்து, “வந்து பாரு. காத்து தள்ளுனா வயிறு மாதிரி உப்புது, விட்டா தானா நிமிருது. ஒரு சிம்பு ஒடியல” என்றார்.

போய்ப் பார்த்தேன். ஜன்னலை விட்டு நகர மனம் வரவில்லை. திரையில் சாயம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சிம்பிலும், அதாவது கிடையாகக் கட்டிய மூங்கில் கீற்றிலும், உள்ள கணு, அடுத்த சிம்பின் கணுவிலிருந்து கொஞ்சம் தள்ளி விழுந்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு வளைந்து வளைந்து இறங்கியது. வெயில் பட்டதும் அந்தக் கோடு மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரிந்தது. இதை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். மறுநாள் காலை நண்பரே அழைத்துப் போனார்.

திருநள்ளாறு கொம்யூன் எல்லைக்குள், வாய்க்கால் கரையில் ஓட்டு வீடு. முன்னால் கீற்றுக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா காலை நீட்டி உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். “வாங்க தம்பி, அந்தப் பலகையில உக்காருங்க. சிலாம்பு குத்தும், பாத்து” என்றார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முன்பணம் கொடுத்த வியாபாரி படித்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். அதனால் அம்மா என்றே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது கொள்ளிடக் கரையில். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகிறவர்கள் தைக்காலில் சாலையோரப் பிரம்புக் கடைகளைப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பக்கத்துக் கிராமம். அங்கே பிரம்பு ஒரு வீட்டில் என்றால் மூங்கில் இன்னொரு வீட்டில். அவருடைய அப்பா கூடை, முறம், கோழிக் கவிப்பு, பந்தல் தட்டி எல்லாம் கட்டியவர். மகள் காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டபோது அவர் கொடுத்த சீதனத்தில் ஒரு பித்தளைக் குடமும் ஒரு கத்தியும் இருந்தன. குடம் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. கத்தி இருக்கிறது.

அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். புளிய மரப்பிடி, பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகி, கட்டைவிரல் பதியும் இடத்தில் குழிந்திருந்தது. வந்தபோது மூன்று விரல் அகலமாம். நாற்பது வருஷத்துக்கு மேல் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து இப்போது ஒன்றரை விரல். ஆச்சரியம் என்னவென்றால், அதன் முனை கூர் கிடையாது. “ரொம்பக் கூரா இருந்தா அது வெட்டிக்கிட்டு அது இஷ்டத்துக்குப் போவும் தம்பி. மூங்கிலு தான் போற வழியில பொளக்கணும். கத்தி அதுக்குப் பின்னால போனாப் போதும்” என்றார்.

பிளந்து காட்டினார். ஒரு பிளாச்சின் தலைப்பில் கத்தியை வைத்துப் பிடியில் ஒரு தட்டு. வாய் திறந்ததும் கத்தியை மெல்லத் திருப்ப, படபடவென்று பிளவு ஓடியது. நடுவில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிய ஆரம்பித்தது. நானாக இருந்தால் கத்தியைத்தான் திருப்பியிருப்பேன். அம்மா கத்தியைத் தொடவில்லை. தடித்த பக்கத்தைக் கையால் வளைத்துப் பிடித்தார். பிளவு தானாகத் தடித்த பக்கம் திரும்பி, நடுவுக்கு வந்து, கடைசிவரை நேராக ஓடி முடிந்தது. இரண்டு பாதியையும் என் கையில் கொடுத்தார். கனம் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் கடைசியில் காகிதக் கட்டை மாதிரி ஒரு அடுக்கு.

அந்த அடுக்கில் முதலாவது தோல். மீதி எல்லாம் சோறு என்கிறார். மூங்கிலின் நார் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து சக்கை கூடும். அதனால் தோல் சிம்பு வளைந்து நிமிரும், சோற்றுச் சிம்பு வளைந்தால் ஒடியும். பூச்சி விழுவதும் சோற்றில்தான். அதிலுள்ள மாவுச்சத்தைத் தின்ன வண்டு வந்து மாவாகக் கொட்டிவிடும். மூன்று வருஷம் முற்றிய மரமாக வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது அந்தச் சத்து கரைந்து போவதற்காக. ஊறிய மூங்கிலின் நாற்றம் கொட்டகையெங்கும் இருந்தது. பழகிவிட்டால் தெரியாது என்றார்கள்.

நாலடி நீளச் சிம்பில் மூன்று, நான்கு கணு வந்துவிடும். ஒடிகிற இடம் அதுதான். கணுவைச் சீவாமல் விட்டால் திரை சுருட்டும்போது புடைக்கும், அதிகம் சீவினால் காற்றில் முறியும். அம்மா கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலால் தடவியே சீவுகிறார். பிறகு ஒரு மரக்கட்டையில் இரண்டு தகட்டை நேராக நிறுத்திப் பதித்த சாதனம் ஒன்று. அந்த இடுக்கில் சிம்பை நுழைத்து மறுபக்கம் இழுத்தால் எல்லாம் ஒரே அகலம். அதை அவர் பேரன் செய்கிறான், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால். தீயில் வாட்டி நிறம் ஏற்றுவதும் வார்னிஷ் பூசுவதும் எல்லாரும் செய்கிற வேலைகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

அந்தக் கணுக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். “அதுவா, எறும்பு வரிசை” என்றார். ஒரே மரத்திலிருந்து வந்த சிம்புகளைக் கலைக்காமல், வந்த வரிசையிலேயே கட்டினால் கணுக்கள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் நிற்கும். ஒவ்வொரு சிம்பையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் கோடு சாயும். பத்து சிம்பு வலப்பக்கம், பத்து சிம்பு இடப்பக்கம் என்று தள்ளினால் எறும்பு ஊர்கிற மாதிரி வளையும். ஜப்பானில் சுதாரே என்ற மூங்கில் திரையிலும் கணுக்களை வரிசை பிடித்தே அலங்காரம் செய்கிறார்கள். கொள்ளிடக் கரையில் பிறந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை. அவரும் மூங்கிலிடமிருந்தே கற்றுக்கொண்டார். “மரத்துல இருக்குறத மறைக்கத்தான் பெயிண்டு. இது மறைக்காம இருக்குறதுக்கு” என்றார்.

கட்டுவது மருமகள். மார்பு உயரத்தில் ஒரு கட்டை கிடையாக நிற்கிறது. அதன் மேல் ஐந்து இடத்தில் நூல். ஒவ்வொரு நூலின் இரு முனையிலும் ஒரு கல்லைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். சிம்பைக் கட்டையின் மேல் வைத்து, முன்கல்லைப் பின்னாலும் பின்கல்லை முன்னாலும் எறிய வேண்டும். டக், டக் என்று ஐந்து தட்டு. அடுத்த சிம்பு. ஒரு மணி நேரம் நின்று கேட்டேன். அந்தச் சத்தம் தாளம் தப்பவில்லை.

எண்ணிப் பார்த்தேன். நாலடி அகலம், ஆறடி உயரம் உள்ள ஒரு ஜன்னல். நண்பர் வீட்டுத் திரையில் அங்குலத்துக்கு 4 சிம்பு. ஆறடிக்கு 288. ஐந்து நூல் என்றால் 1,440 முறை கல்லை மாற்றி எறிய வேண்டும். கொட்டகையில் வியாபாரிக்காகச் சுருட்டி வைத்திருந்த திரையையும் அளந்தேன். அங்குலத்துக்கு 2 சிம்புதான். 144 சிம்பு, 720 முறை. தடித்த சிம்பு, பாதிக்கு மேல் சோறு. எறும்பு வரிசை இல்லை. ஒரே கை, ஒரே கத்தி, இப்படி இரண்டு விதமாக ஏன்?

“அவரு சதுர அடிக்குத்தான தம்பி காசு குடுக்குறாரு. நெருக்கிக் கட்டுனாலும் இருபத்துநாலு சதுர அடி, எட்ட எட்டக் கட்டுனாலும் இருபத்துநாலு சதுர அடி. நெருக்கிக் கட்டுனா அடுப்பு எரியுமா?”

இதைக் கேட்டதிலிருந்து என் கோபம் அடங்கவில்லை. மூங்கில் திரை உழைக்காது, பூச்சி விழும், ஒடியும் என்று நாம் சொல்கிறோமே, அது மூங்கிலின் குற்றமல்ல. சதுர அடிக் கணக்கின் குற்றம். தோலை மட்டும் எடுத்துக் கட்டினால் ஒரு மரத்தில் கிடைப்பது கொஞ்சம், நேரம் இரட்டிப்பு, கூலி அதேதான். அதனால் சோற்றையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். சோறு உளுக்கிறது. வாங்கினவர் அடுத்த தடவை பிளாஸ்டிக்குக்குப் போகிறார். வியாபாரிக்கு நஷ்டமில்லை, அவர் பிளாஸ்டிக்கும் விற்கிறார். தான் கட்டிக் கொடுத்த திரையை வியாபாரி கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிக்கு என்ன விலைக்குக் கொடுத்தார் என்று அம்மாவுக்கு ஒரு தடவை தெரிய வந்திருக்கிறது. தனக்கு வந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை என்றார். அதைச் சொல்லும்போதும் கை சீவுவதை நிறுத்தவில்லை.

விலையைத் தரத்தின்படி சொல்ல வழியில்லையா? நெசவில் இருக்கிறதே. நூலின் கவுண்ட் ஏற ஏற வேட்டியின் விலை ஏறுகிறது. யாரும் வேட்டியைச் சதுர அடியில் விற்பதில்லை. பத்தமடைப் பாயிலும் கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழித்து நெருக்கி நெய்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பட்டுப்பாய் என்றும் சாதாப் பாய் என்றும் பிரிக்கிறார்கள். கையின் உழைப்பை எண்ணும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மூங்கில் தட்டியைப் பந்தலுக்கும் வேலிக்கும் மட்டும் கட்டிய காலத்தில் பரப்பளவு போதுமானதாக இருந்தது. ஜன்னல் திரை பந்தல் தட்டி அல்ல. அளவுகோல் மட்டும் பந்தலிலேயே நின்றுவிட்டது.

சட்டமும் இவர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. புல் வகையான மூங்கிலை வனச் சட்டங்கள் மரம் என்றே கணக்கில் வைத்தன. தன் கொல்லையில் வளர்ந்ததை வெட்டி ஊர் தாண்டிக் கொண்டுபோகிறவனும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காரைக்காலுக்கு எந்தப் பக்கமிருந்து மூங்கில் வந்தாலும் தமிழ்நாட்டைக் கடந்துதான் வர வேண்டும். வண்டியை வழியில் நிறுத்தி, அரை நாள் வெயிலில் உட்காரவைத்த கதைகள் அம்மாவிடம் நிறைய இருக்கின்றன. 2017இல், 1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதை அன்று நான் சொல்லித்தான் அம்மா தெரிந்துகொண்டார். அப்படியா என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது என் வீட்டு ஜன்னலுக்கு ஒரு திரை சொன்னேன். நாலுக்கு நாலு, அங்குலத்துக்கு நாலு சிம்பு, தோல் மட்டும், எறும்பு வரிசை வேண்டும் என்றேன். சதுர அடிக்கு எவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தவரை நிறுத்தி, 192 சிம்புக்கு எவ்வளவு என்று கேட்டேன். மருமகளைப் பார்த்தார். இருவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து ஒரு தொகை சொன்னார்கள். அப்படி ஒரு கணக்கை அவர்கள் அதுவரை போட்டதே இல்லை. ஆவணியில் திரை வந்தது. இதை எழுதும் மேஜைக்கு எதிரில்தான் தொங்குகிறது. சுருட்டினால் என் முன்கை கனம்தான்.

மூங்கில் திரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் பேரம் பேசுவதற்கு முன்னால் திரையின் மேல் கையை விரித்து வையுங்கள். ஒரு சாணுக்குள் எத்தனை சிம்பு என்று எண்ணுங்கள். 36 இருந்து, திருப்பிப் பார்த்தால் எல்லாம் தோலாகவும் இருந்தால் அதற்குரிய விலையைக் கொடுங்கள். 18தான் இருந்தால், இதைக் கட்டினவர் எந்த ஊர் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் நேரே அந்த ஊருக்குப் போய், சிம்புக் கணக்கில் விலை பேசி வாங்குங்கள்.