எல்லாத் தலையிடியும் பீனிசமல்ல

மாரி தொடங்கி வானம் இருண்டுவிட்டால், நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் பெண்களை எமது கிராமங்களில் பரவலாகக் காணலாம். கேட்டால் "பீனிசம்" என்பார்கள். மீள்குடியேறிய குடும்பங்களிடையே பணியாற்றும் எனக்கு இது பழகிப்போன பதில்.

மூக்கைச் சுற்றி நெற்றி, கன்ன எலும்புகளுக்குள் காற்றறைகள் உள்ளன. தடிமன் பிடிக்கும்போது அவற்றின் வாசல் வீங்கி அடைபடுவதால் சளி தேங்குகிறது. குனிந்தால் கன்னமும் நெற்றியும் கனக்கும், மூக்கடைக்கும், மணம் தெரியாது. இதுதான் பீனிசத் தலையிடி. பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தணிந்துவிடும்.

இதற்கு வீட்டிலேயே ஆறுதல் காணலாம். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் நெற்றியிலும் வைக்கலாம். கொதித்து ஆறிய ஒரு கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவலாம். கொதிக்க வைக்காத கிணற்று நீரை இதற்குப் பாவிக்கக் கூடாது. வேது பிடிப்பவர்கள் பானையை மடியில் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கொதிநீர் கவிழ்ந்தால் வேதனை பெரிது. விறகுப் புகையும் மூக்கை உறுத்துமாதலால் அடுப்படியில் காற்றோட்டம் இருக்கட்டும்.

ஆனால் இவை எதற்கும் அடங்காத தலையிடியும் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சந்தித்த தாயொருவர் 2009இல் கணவனை இழந்தவர். கூலிவேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். "மழை இருட்டினால் ஒரு பக்கத் தலை வெடிக்குது பிள்ளை. இரண்டு பனடோல் போட்டால்தான் வேலைக்குப் போகலாம்" என்றார். வெளிச்சம் பார்க்க முடியாது, வாந்தி வரும். சளியோ தடிமனோ இல்லை. வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று தயங்கியவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

அது ஒற்றைத் தலையிடி என்றார் வைத்தியர். காலநிலை மாற்றம், பசி, நித்திரையின்மை, மனக்கவலை எல்லாம் அதைத் தூண்டக்கூடும். சிலருக்கு மூக்கும் ஒழுகுவதால் பீனிசம் என்று மயங்குகிறோம். இன்னொன்றும் சொன்னார். மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல் பரசிற்றமோல் போடுவது மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், அந்த மாத்திரையே தலையிடியை உண்டாக்கலாம். முறையான மருந்து தொடங்கிய பின் அந்தத் தாய்க்கு வேலைக்குப் போக முடியாத நாட்கள் குறைந்துள்ளன.

திடீரெனத் தாங்கமுடியாத தலையிடி, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் சோர்தல், கர்ப்பகாலத்தில் கடும் தலையிடி ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திராதீர்கள். போரில் தலையில் காயப்பட்டவர்களும், உடலில் ஷெல் துண்டு உள்ளவர்களும் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சகோதரிகளே, பிள்ளைக்குத் தலையிடித்தால் வைத்தியரிடம் ஓடுகிற நாம், எமது தலையிடியை மட்டும் பொறுத்துக்கொள்கிறோம். தலையிடித்த நாளையும் போட்ட மாத்திரையையும் இன்றிலிருந்து கலண்டரில் குறித்து வையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கலண்டரையும் கொண்டு செல்லுங்கள்.