புள்ளி ஏழைப் புள்ளி எட்டாக்கினேன்

என் குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளம்பெண் எழுதிய குறிப்பை, ஆழ்கடலில் கிணறு தோண்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போன கோப்பில் நான் சேர்க்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்தேதான் விட்டேன். நிறுவனத்தின் பெயர், கடலின் பெயர், பிளாக் எண் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. செய்தவன் நான். அவர்களை உள்ளே இழுத்தால் பழி பங்கு பிரிந்துவிடும்.

எனக்கு ஊர் எறையூர். அப்பா அரசு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டவர். வெட்டு உத்தரவு எப்போது வரும், பிழிதிறன் எவ்வளவு போடுவார்கள், பணம் எந்தப் பருவத்தில் கைக்கு வரும் என்பதே வீட்டில் பேச்சு. நிலவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே பெரம்பலூருக்குத் தெற்கே காரைக்குக் கூட்டிப்போன ஒரு வாத்தியாரால்தான் தெரிந்தது. சிவந்து, மழை அரித்து, ஆயிரம் ஓடைகளாகக் கிழிந்து கிடக்கும் நிலம் அது. ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடும். காலடியில் அம்மோனைட் சுருள்களும் தோட்டா மாதிரியான பெலம்னைட் துண்டுகளும் கிடக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. பக்கத்துச் சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1860களிலேயே இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து வரைபடம் போட்டுவிட்டார்.

எண்ணெய்க்காரர்களுக்குக் காரை ஏன் முக்கியம் என்றால், இங்கே வெயிலில் காயும் இதே அடுக்குகள் கிழக்கே சரிந்து, டெல்டாவுக்கு அடியில் புகுந்து, வங்கக் கடலுக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் புதைந்திருக்கின்றன. காவிரிப் படுகையின் எண்ணெயும் வாயுவும் உண்டான கரும்படிவங்களின் சொந்தக்காரப் பாறை இது. அங்கே துளையிட்டுத் துண்டு துண்டாகப் பார்ப்பதை இங்கே நடந்தே பார்க்கலாம். அதனால் எண்ணெய் நிறுவனங்களின் பயிற்சி நிலவியலாளர்களை வண்டி வண்டியாகக் கூட்டிவருவார்கள். பிற்காலத்தில் நானும் கூட்டிவந்திருக்கிறேன். என் வீட்டுக் கொல்லையைக் காட்டுகிற மாதிரி ஒரு மிதப்புடன்தான் நின்று விளக்குவேன். பாறை விஷயத்தில் எனக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்ல முடியாது என்ற கர்வம் அங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன்.

யாரும் துளையிடாத, அல்லது ஒன்றிரண்டு பேர் துளையிட்டுக் கைவிட்ட கடற்பரப்பை எங்கள் தொழிலில் ஃபிரான்டியர் என்போம். நமக்குப் பக்கத்திலேயே மன்னார் படுகை இருக்கிறது. இலங்கைப் பக்கம் 1981க்குப் பிறகு 30 ஆண்டுகள் யாரும் துளையிடவில்லை. 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம், ஜப்பானின் சிக்யூ என்ற கப்பலை வரவழைத்தது. டொராடோ என்ற கிணற்றில், 1,354 மீட்டர் நீருக்குக் கீழே, வாயு கிடைத்தது. அடுத்துப் பரகுடா, 1,509 மீட்டர் நீரில். அங்கும் வாயு. அடுத்த கிணறு வறண்டது. 2013இல் இன்னொன்று தோண்டினார்கள், அதுவும் வறண்டது. 2015இல் நிறுவனம் பிளாக்கை ஒப்படைத்துவிட்டுப் போனது. இரண்டு கிணற்றில் வாயு இருந்தும் இன்றுவரை அங்கிருந்து ஒரு சிலிண்டர் அடுப்புக்கு வரவில்லை. ஃபிரான்டியரில் வெற்றியே இந்த மாதிரிதான் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் திட்டம் போடுகிறோம்.

கணக்கு எளிது. எண்ணெய் இருக்க வேண்டுமானால் ஐந்து விஷயங்கள் ஒன்றாகக் கூடிவர வேண்டும். எண்ணெய் உண்டாக்கும் மூலப்பாறை வேண்டும், அதைத் தேக்கிவைக்க நுண்துளை உள்ள மணற்கல் வேண்டும், கசியாமல் மேலே மூடி வேண்டும், தேங்கி நிற்கப் பொறி போன்ற அமைப்பு வேண்டும். அந்தப் பொறி எண்ணெய் நகர்ந்து வருவதற்கு முன்பே உருவாகியிருக்கவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு எண் கொடுத்து ஐந்தையும் பெருக்குவோம். ஐந்துக்கும் 0.7 போட்டால் 0.17 வரும், ஏறக்குறைய ஆறில் ஒன்று. ஐந்துக்கும் 0.8 போட்டால் 0.33, மூன்றில் ஒன்று. ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு படி ஏற்றினால் மொத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. புள்ளி ஏழுக்கும் புள்ளி எட்டுக்கும் நடுவே சாட்சி கிடையாது, அனுபவம்தான் உண்டு. அனுபவசாலி என்று என்னைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். நான் ஏற்றினேன். எல்லாவற்றையும் ஏற்றினால் பளிச்சென்று தெரியும் என்பதால் ஒன்றை வேண்டுமென்றே 0.7இலேயே விட்டேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

ஏன் ஏற்றினேன்? லஞ்சமில்லை, மிரட்டலில்லை. அந்தக் கிணறு தோண்டப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். பல ஆண்டு உழைத்த வரைபடம். வேறு பிளாக்குகளோடு போட்டி. அந்த வருடம் ஒரு கிணற்றுக்குத்தான் பணம் இருந்தது.

இப்போது அந்தக் குறிப்புக்கு வருகிறேன். பாறைகளுக்குள் ஒலி அனுப்பி எடுக்கும் சைஸ்மிக் படத்தில் எங்கள் இலக்கு பளீரென்று ஒளிர்ந்தது. வாயு நிறைந்த மணற்கல் அப்படி ஒளிரும். ஆனால் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உறைந்த பாறைத் தகடும் அப்படியே ஒளிரும். மன்னார் படுகையிலும் எரிமலைப் பாறை உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, ஒளிர்வின் குறியைப் பார்ப்பது. நீரிலிருந்து கடலடித் தரைக்குள் ஒலி நுழையும்போது மென்மையிலிருந்து கடினத்துக்குப் போகிறது. கெட்டியான எரிமலைத் தகடும் அதே குறியில்தான் தெரியும். வாயு மணல் மென்மை என்பதால் எதிர்க் குறியில் தெரிய வேண்டும். அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, “சார், போலாரிட்டியை ஒருவாட்டி பாருங்க. இலக்கும் கடலடியும் ஒரே நிறத்துல இருக்கு” என்றாள். ஓரங்களில் அது அடுக்குகளை வெட்டிக்கொண்டு மேலே ஏறுவதையும் காட்டினாள். மணற்கல் அடுக்கு அப்படிப் பக்கத்து அடுக்குக்குத் தாவாது.

தரவுச் செயலாக்கத்தில் அலையின் கட்டம் திரும்பியிருக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி நடப்பதும் உண்டு, ஆகவே அது அப்பட்டமான பொய்யில்லை. அவள் விடவில்லை. கட்டத்தையும் சோதித்து, எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் இரண்டு பக்கம் படித்தேன். படித்தபோதே அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று வயிற்றில் ஒரு பிசைவு. கோப்பை மூடினேன். மறுஆய்வுக் குழு என்று ஒன்று எங்களுக்கும் இருந்தது. ஆனால் நான் கொடுத்த கோப்பைத்தானே அவர்கள் புரட்ட முடியும்?

அதன்பிறகு வேலை தானாக ஓடும். வெல்ஹெட், கேசிங் குழாய்களுக்கு மாதக்கணக்கில் முன்பே ஆர்டர் போட வேண்டும். டிரில்ஷிப் வாடகை நாள் கணக்கில் ஏறும். புயல் பருவத்துக்கு முன் இடைவெளி பார்க்க வேண்டும். ஆழ்கடலில் மேலே அழுத்துவதில் பெரும்பங்கு வெறும் நீர் என்பதால், பாறை உடையும் அழுத்தத்துக்கும் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றின் எடை கொஞ்சம் கூடினால் பாறை பிளக்கும், குறைந்தால் கிணறு சீறும். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்து, 87 நாள் எண்ணெய் கொட்டிய பிறகு, இந்தப் பக்கத்தில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. கிணறு சீறினால் என்ன செய்வது என்பதை எங்கள் பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். அந்தக் கிணறு அங்கே எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் என் சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இலக்கைத் தொட்ட இரவு நான் கரையில், அலுவலகத் திரை முன்னால் இருந்தேன். பாறையின் கதிரியக்கத்தைக் காட்டும் காமா கோடு சட்டென்று தாழ்ந்தது. ரெசிஸ்டிவிட்டி, அதாவது மின்தடை, எகிறியது. வாயு மணலில் துளையிடும் பிட் நுழைந்தால் இரண்டும் சேர்ந்து இப்படித்தான் போகும். அறையில் ஒருவர் கைதட்டிவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் மூன்றாவதாக ஒரு கோடு இருக்கிறது, துளையிடும் வேகம். வாயு மணலில் பிட் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். இது மணிக்குச் சில அடி என்று தேய ஆரம்பித்தது. கைதட்டியவருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. துளையிலிருந்து வரும் பாறைத் துணுக்குகளைக் கப்பலில் ஆராயும் மட்-லாகர் அழைத்தபோது என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்தே போனை எடுத்தேன். துணுக்குகள் கறுப்பு, நுண்மணி, கெட்டி. டோலரைட், குழம்பு உறைந்த பாறை. அவள் சொன்னது சொன்னபடி.

அதைத் துளைத்துக் கீழேயும் போனோம். ஒன்றுமில்லை. சிமெண்ட் வைத்து அடைத்துக் கைவிட்டார்கள்.

ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார். எங்கள் பக்கம் தண்ணீருக்குப் போர் போட்டுத் தோற்காத குடும்பம் இல்லை, அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“தண்ணி வந்துச்சா?”

“இல்லப்பா. கல்லுதான்.”

“வெறும் புகையா? நீரோட்டம் பாத்தது யாரு?”

“நான்தான்.”

கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார். “காசு யாருது?”

“கம்பெனிதுப்பா.”

“அதான் அவ்ளோ தைரியம்” என்றார்.

தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவரை, கல்லூரிக் காலத்தில் அப்பா முன்னாலேயே நான் கேலி செய்திருக்கிறேன். அவராவது தோற்ற போருக்கு மறுநாள் அதே தெருவில் நடந்தாக வேண்டும்.

நான் நடக்க வேண்டியிருக்கவில்லை. இறுதி அறிக்கையை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது. “கைவசம் இருந்த தரவைக் கொண்டு எரிமலைப் பாறையை முன்கூட்டிப் பிரித்தறிய இயலாது” என்று ஒரு வாக்கியம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதில் ஆகக் கேவலமான வாக்கியம் அதுதான். எண்ணை ஏற்றியதையாவது ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம், இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. இயலும் என்று ஒருத்தி செய்து காட்டியிருந்தாள். அவள் அறிக்கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வேலையை விட்டுப் போனாள். கருத்தரங்குகளில் அந்தக் கிணற்றைப் பற்றி ‘கற்ற பாடங்கள்’ என்று நான் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

தரையில் இது நடந்திருக்குமா என்று யோசிப்பதுண்டு. 2021இல் அரியலூர் மாவட்டத்தில் சோதனைக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசி அனுமதி கேட்டபோது விவசாயிகள் எதிர்த்தார்கள், மாநில அரசும் வழிவிடவில்லை. தொழில்காரனாக அந்த எதிர்ப்பில் பாதிக்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் தரையில் யாராவது கேட்கிறார்கள் என்பது உண்மை. ஏன் இங்கே, என்ன இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கிராம சபையில் எழுந்து நின்று கேட்க ஆள் இருக்கிறது. கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான நீருக்கு அடியில் இருப்பதைப் பற்றி எழும் ஒரே கேள்வி அலுவலகத்துக்குள்ளிருந்துதான் எழ முடியும். எங்கள் அலுவலகத்தில் எழுந்த ஒரே கேள்வியை நான் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

2025 ஆகஸ்ட் 15 அன்று ஆழ்கடல் எண்ணெய் தேடலுக்கென்று தேசிய இயக்கம் ஒன்றைப் பிரதமர் அறிவித்தார். அடுத்த மாதம் அந்தமான் கடலில், 295 மீட்டர் நீரில் தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் ஆயில் இந்தியாவுக்கு வாயு தென்பட்டது. ஊரில் சிப்காட் ரோட்டு டீக்கடையில் ஒரு தம்பி செய்தியை போனில் காட்டி, “அண்ணே, இனிமே நமக்குக் கவலையில்லதானே?” என்றான். இனி ஐந்து எண்களைப் பெருக்கும் கோப்புகள் நிறையத் தயாராகும், என்னைப் போல ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர் அவற்றைத் தயாரிப்பார்கள் என்று தோன்றியது. அவனிடம், “பார்க்கலாம்ப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம்தான் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நடந்ததை மழுப்பாமல் எழுதி, மன்னிப்பு கேட்டேன். பதில் சுருக்கமாக வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் பக்கத்தில், அதே பொறி அமைப்பின் மேற்குச் சரிவில், எரிமலைத் தகடு எட்டாத ஓர் இடத்தைக் குறித்து அங்கே துளையிடலாம் என்று எழுதியிருந்தேனே, அதையாவது பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாள். நான் மூன்றாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அங்கே எண்ணெய் இருந்திருக்குமா, தெரியாது. கேட்டிருந்தால் ஆறில் ஒன்று என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.

கிணற்று அறிக்கைகள் சில ஆண்டுகளில் அரசின் தரவுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். அந்தப் பிளாக்கை அடுத்து ஏலம் கேட்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படிக்கப்போவது என் வாக்கியத்தைத்தான். அதைத் திருத்த விண்ணப்பம் அனுப்பலாம் என்றார்கள். படிவத்தில் ‘திருத்தத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் விரல் முதலில் அடித்தது ‘தொழில்நுட்பத் தெளிவுக்காக’ என்று. அதை அழித்துவிட்டு, எச்சரிக்கைக் குறிப்பு எழுத்தில் இருந்தது, நான் சேர்க்கவில்லை, இயலாது என்று எழுதியது பொய் என்று அடித்து அனுப்பினேன். கூடவே அவளுடைய மூன்று பக்கங்களையும், அவள் அனுமதியோடு, அவள் பெயர் போட்டே இணைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.