அன்னை மெழுகிய கூடை

எங்கள் இல்லத்தில் மூங்கிற் கூடை ஒன்று இருக்கின்றது. மூங்கில் என்பது பெயரளவே. பின்னிய பிளாச்சு ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாது. உள்ளும் புறமும் காகிதக் கூழால் மெழுகி, புறத்தே வண்ணத்தாள் ஒட்டிய கூடை அது. இக்கால மாணவருள் பலர் இத்தகையதொன்றைக் கண்டிரார். நெகிழிக் கலங்கள் மலிவதற்கு முன்னர், கூடையோ முறமோ நைந்துபோனால் அதனை எறிந்துவிடச் சிற்றூர்ப் பெண்டிர்க்கு மனம் வாராது. பழந்தாளும் வெந்தயமும் கொண்டு அதற்கு மறுவாழ்வு அளித்துவிடுவர்.

அவ்வேலையில் என் அன்னையார் கைதேர்ந்தவர். தாள்களைக் கிழித்து மூன்று நாள் நீரில் ஊறவைப்பார். வெந்தயத்தைத் தனியே ஊறவைத்து, இரண்டையும் ஆட்டுரலில் இட்டு வெண்ணெய்போல் அரைப்பார். வெந்தயத்தின் வழுவழுப்பே பசையாகும். அதன் கசப்புப் பூச்சியை அண்டவொட்டாது என்பது அவர் கூற்று. விழுதை மெல்லிதாக அப்பி, ஈரக் கையால் நீவி, வெயிலில் உலர்த்துவார். ஒரே முறையில் தடிப்பாக அப்பினால் வெடித்துவிடும்; ஆதலின் ஒரு பூச்சு நன்கு காய்ந்த பின்னரே மறு பூச்சு. பொறுமையற்றவர்க்கு இவ்வேலை வாராது. எனக்கு வந்ததே இல்லை.

1972ஆம் ஆண்டுக் கோடையில் எனக்கு வயது பன்னிரண்டு. ஊர்ப் பள்ளியில் ஆசிரியராய் இருந்த என் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைந்திருந்தது. "பரணில் பழந்தாள் இருந்தால் எடுத்துத் தாடா" என்றார் அன்னையார். விளையாடச் செல்லும் விரைவில், கைக்கு அகப்பட்ட கட்டொன்றை இழுத்துச் செய்தித்தாள்களோடு சேர்த்துக் கிழித்துத் தொட்டியில் இட்டுவிட்டு ஓடினேன்.

மாலையில் திரும்பியபோது அன்னையார் தொட்டியருகே அமர்ந்திருந்தார். நீர் நீலமாக இருந்தது. அச்சு மை எண்ணெய் கலந்தது, நீரிற் கரையாது. எழுதுகோல் மையே அவ்வாறு கரையும். நன்னூல் நூற்பாக்களுக்குத் தந்தையார் தம் கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்புகளையே கிழித்துவிட்டேன் என்பது அந்நீலத்தைக் கண்டதும் விளங்கிற்று. "பார்க்கவில்லை, அம்மா" என்றேன். அதற்குமேல் நா எழவில்லை.

அன்னையார் கடிந்துகொள்ளவில்லை. அவர் எழுத்தறியாதவர். துண்டு துண்டாக எடுத்து என்முன் நீட்டி, "இது அப்பா எழுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொழுது சாயும்வரை இருவரும் தேடினோம். மையால் எழுதியவை யாவும் கலைந்திருந்தன. தலைப்புகளை மட்டும் தந்தையார் கரிக்கோலால் எழுதுவது வழக்கம். கரிக்கோல் எழுத்து நீரில் அழிவதில்லை. கிழிபடாமல் முழுச் சொல்லாய் எஞ்சியது ஒன்றே. அதனை அன்னையார் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி உலர்த்தினார்.

மற்றவை மூன்றாம் நாள் ஆட்டுரலுக்குச் சென்றன. வேறு என்செய்வது? கூடையை மெழுகி முடித்தபின், பட்டம் விடும் தாளில் சிவப்பும் பச்சையுமாகச் சாய்சதுரங்கள் வெட்டித் தந்தேன். மாவுப் பசை தடவிப் புறமெங்கும் ஒட்டினார். உள்ளே, அடிப்புறத்து நடுவில், அந்தத் துண்டை ஒட்டினார்.

பிற்காலத்தில் நான் முப்பது ஆண்டுகள் நன்னூல் கற்பித்தேன். அக்குறிப்புகளில் தந்தையார் யாது எழுதியிருந்தார் என்பதை இன்றளவும் அறியேன்.

கூடையில் அன்னையார் மிளகாய் வற்றலைச் சேமித்து வைப்பார். வற்றல் தீர்ந்து அடி தெரியும்போதெல்லாம் என்னை அழைத்து, "என்ன எழுதியிருக்கிறது, படி" என்பார்.

"எச்சம், அம்மா" என்பேன்.

கேட்டுக்கொண்டு, புது வற்றலை அதன்மேல் மெல்லக் கொட்டுவார்.